சிறிய ஜோடியும் பெரிய கணக்கும்

வட மாநிலங்களில் தீபாவளி இரவன்று உற்றார் உறவினர் ஒன்றுகூடிச் சீட்டாடுவது நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலமாக அந்த வட்டங்களில் ‘தீன் பத்தி’யோடு போக்கரும் இடம்பிடித்திருக்கிறது. பணம் வைக்காமல் புளியங்கொட்டையையோ பொத்தானையோ வைத்து ஆடினாலும், அந்த ஆட்டத்தில் எழும் ஒரு கேள்வி நம் சேமிப்பு, முதலீட்டு முடிவுகளுக்கும் பொருந்துவதாக இருக்கிறது. சிறு தொகை கொடுத்தால் என்றோ ஒருநாள் பெருந்தொகை கிடைக்கக்கூடும் என்ற நிலையில், அச்சிறு தொகையைக் கொடுக்கலாமா, கூடாதா? இவ்விதழில் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கரில் மிகப் பரவலான வகை டெக்சாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். முதற்சுற்றுப் பந்தயம் முடிந்ததும் அனைவருக்கும் பொதுவான மூன்று சீட்டுகள் நடுவில் திறந்து வைக்கப்படும். இதனை ‘பிளாப்’ என்பர். பின்னர் ஒவ்வொன்றாக மேலும் இரண்டு சீட்டுகள் திறக்கப்படும்.

முதற்சுற்றிலேயே எதிராளி பந்தயத்தை உயர்த்துகிறார். நம் கையில் இருப்பவை இரண்டு 4 என்று கொள்வோம். 2 முதல் 6 வரையிலான இத்தகைய ஜோடிகள் சிறியவை. நடுவில் ஒரு ராஜாவோ ராணியோ விழுந்தாலே நம் ஜோடியின் மதிப்பு ஐயத்துக்குரியதாகிவிடும். ஆனால் பிளாப்பில் இன்னொரு 4 வந்துவிட்டால், எதிராளி எளிதில் ஊகிக்க முடியாத வலிமை நமக்குக் கிடைத்துவிடும். இந்த மூன்றாவது 4-ஐ எதிர்பார்த்துத்தான் சிறிய ஜோடியுடன் பந்தயத்தை ஏற்கிறோம்.

பதினேழில் இரண்டு

இந்த எதிர்பார்ப்பு எத்தனை முறை நிறைவேறும்? நம் இரு சீட்டுகள் போக மீதமுள்ள 50 சீட்டுகளிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்க 19,600 வழிகள் உண்டு. அவற்றுள் 17,296 வழிகளில் நமக்கு வேண்டிய சீட்டு ஒன்றுகூட வராது. 2,304 வழிகளில் மட்டுமே வரும். அதாவது ஏறத்தாழ 11.8 விழுக்காடு. எளிமையாகச் சொன்னால், 17 முறை முயன்றால் சராசரியாக 2 முறை கிடைக்கும், 15 முறை கிடைக்காது.

இப்போது வரவுசெலவைப் பார்ப்போம். கட்டாயப் பந்தயமாக இருவர் 50, 100 சில்லுகள் வைத்திருக்கின்றனர். எதிராளி 300 வைக்கிறார். நடுவில் இருப்பது 450. ஆட்டத்தில் தொடர நாம் 300 வைக்க வேண்டும். கட்டாயப் பந்தயம் வைத்த இருவரும் விலகிவிடுவதாகக் கொள்வோம்.

வேண்டிய சீட்டு வராத 15 முறையும் விலகினால் நாம் இழப்பது 4,500. அதனை வந்த 2 முறையில் ஈடுகட்ட, ஒவ்வொரு முறையும் 2,250 கிடைத்தாக வேண்டும். ஏற்கெனவே நடுவில் இருக்கும் 450-ஐக் கழித்தால், பிளாப்புக்குப் பின் எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 1,800 வரவேண்டும். இது நட்டமின்றி மீள்வதற்கான அளவே. இலாபம் இதற்கு மேல்தான் தொடங்குகிறது.

எனவே, ‘வெறும் 300 தானே’ என்று எண்ணுவது பிழை. 300 சிறிதா, பெரிதா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தொகையன்று. அதற்கு எதிராகக் கிடைக்கக்கூடிய தொகையே.

கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, கிடைக்கக்கூடிய தொகையின் மேல் எல்லை. எதிராளியிடம் மீதமிருப்பது 1,500 தான் என்றால், அவர் அனைத்தையும் இழந்தாலும் நமக்கு வேண்டிய 1,800 வராது. அத்தகைய நிலையில் ஜோடியை மடக்கி வைப்பதே முறை. எதிராளியிடம் நிறைய இருந்து நம்மிடம் குறைவாக இருந்தாலும் இதே நிலைதான். இருவரில் எவரிடம் குறைவோ, அந்தத் தொகையே கணக்கில் கொள்ளத்தக்கது. எதிராளி ஒவ்வொரு முறையும் தம் கையிருப்பு முழுவதையும் தரப்போவதில்லை. சில வேளைகளில் மூன்று 4 இருந்தும் நாம் தோற்பதுண்டு. ஆகையால், ஏற்கும் தொகையைப் போல் 15 முதல் 20 மடங்கு வரை இருவரிடமும் மீதமிருக்க வேண்டும் என்பது அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. நம் எடுத்துக்காட்டில் இது 4,500 முதல் 6,000 வரை.

இரண்டாவது, உயர்த்தியவர் யார் என்பது. அரிதாகவே உயர்த்துபவரிடம் பெரிய ஜோடி இருக்க வாய்ப்பு அதிகம்; அதனை எளிதில் கைவிடாமல் அவர் நமக்குப் பெருந்தொகை தருவார். எந்தச் சீட்டுக்கும் உயர்த்துபவரோ பிளாப் வந்ததும் பெரும்பாலும் விலகிவிடுவார். வலிமை குறைந்தவரை எதிர்த்து ஆடுவதே இலாபம் என்று தோன்றும். இங்கே நிலைமை அதற்கு நேர்மாறானது.

மூன்றாவது, நமக்குப் பின் முடிவெடுக்க வேண்டியவர்கள். அவர்களுள் ஒருவர் மீண்டும் உயர்த்தினால், பிளாப்பைக் காணாமலே 300-ஐ விட்டு விலக நேரிடும். கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்திருந்தால் இந்த இடர் குறைகிறது.

‘இம்முறை வரும்’ என்னும் மயக்கம்

பத்து முறை வரவில்லை, ஆகவே பதினோராவது முறை வந்தே தீரும் என்று மனம் சொல்லும். சீட்டுகளுக்கு நினைவாற்றல் இல்லை. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு அதே 11.8 விழுக்காடுதான். தொடர்ந்து 17 முறையும் வராமற்போவதற்கான வாய்ப்பே ஏறத்தாழ 12 விழுக்காடு. அதாவது ஒருமுறை சீட்டு வருவது எவ்வளவு இயல்போ, 17 முறை வராதிருப்பதும் அவ்வளவு இயல்பே. இத்தகைய தொடர் இழப்பைத் தாங்கும் கையிருப்பு இல்லாதவருக்கு, சரியான கணக்கும் பயன் தராது.

நம் பணத்துக்கு இதன் பொருள்

பரிசுச்சீட்டின் விலை சிறிது, பரிசு பெரிது. ஆனால் பரிசுத் தொகையை வெல்லும் வாய்ப்பால் பெருக்கிப் பார்த்தால், சீட்டின் விலையைக்கூட அது எட்டாது. பங்குச் சந்தையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கக் கிடைக்கும் ‘ஆப்ஷன்’ ஒப்பந்தங்களும் இதே கவர்ச்சியைக் கொண்டவை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்பையே கண்டனர் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. அவர்களது மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். பலருக்கு அது பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டுக் கடனுக்குமான பணமாக இருந்திருக்கும்.

ஆகவே எந்த வாய்ப்பு முன்வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். எத்தனை முறைக்கு ஒருமுறை இது பலிக்கும்? பலித்தால் கிடைக்கக்கூடியது உண்மையில் எவ்வளவு? அதனைத் தர வேண்டியவரிடம் அவ்வளவு இருக்கிறதா? பலிக்கும் வரை இழப்பைத் தாங்க நம்மால் இயலுமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிடில், மடக்கி வைப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

நிறைவாக ஒரு நினைவூட்டல். 2025-ஆம் ஆண்டின் இணையவழி விளையாட்டுகள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறமை சார்ந்தவையாயினும் அதிர்ஷ்டம் சார்ந்தவையாயினும் பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் துணைநிற்பதையும் தடுக்கிறது. எனவே வாசகர்கள் இக்கணக்கைப் புளியங்கொட்டையோடு பயின்று, அதன் பயனைத் தம் சேமிப்பில் காண்பார்களாக.