காயம்பட்ட நகரத்தின் பாட்டு

புனேயில் மனம் ஆற வேண்டி மக்கள் போய் உட்காரும் பழைய இடங்கள் பல, அரசியல் வன்முறையின் நினைவைச் சுமப்பவை. மராத்திய ஆட்சியாளர்களான பேஷ்வாக்களின் சனிவார் வாடா கோட்டையில் 1773 ஆகஸ்ட் 30 அன்று, பதினெட்டே வயதான பேஷ்வா நாராயணராவ் சொந்தக் காவலர்களாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1828இல் மூண்ட தீயில் உள்ளிருந்த மாளிகைகள் அழிந்தன. கோட்டைச் சுவர்களுக்குள் இப்போது எஞ்சியிருப்பவை அடித்தளக் கற்களும் புல்வெளியும்தான். மாலையானால் குடும்பங்கள் அங்கே வந்து காற்று வாங்குகின்றன.

பழைய கட்டடமும் நல்ல இசையும் இருந்துவிட்டால் அமைதி தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. 1894இல் இதே நகரில், மசூதி வழியே வாத்தியங்களுடன் ஊர்வலம் போவது பற்றி எழுந்த தகராறு கலவரமாக முற்றியது. ஒரே மேளம் ஒரு தெருவில் பக்தியாகவும் அடுத்த தெருவில் சவாலாகவும் கேட்கக்கூடும். யார், யாருக்காக, எந்த மனத்தோடு வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

எரவாடா சிறையில் இருந்தபோது 1930இல் காந்தி, தம் ஆசிரமத்தில் பாடப்பட்ட பக்திப் பாடல்களைத் தம் சிஷ்யை மீராபென்னுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்தப் பாடல்களைத் தொகுத்தவர் நாராயண் மோரேஷ்வர் கரே என்ற மராத்தி இசைக் கலைஞர். புனேயை அடுத்த தேஹுவில் வாழ்ந்த பக்திக் கவி துக்காராமின் அபங்கப் பாடல்களும் அவற்றில் உண்டு. 1932 செப்டம்பரில், தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி அளிப்பதை எதிர்த்து அதே சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். 26ஆம் தேதி விரதம் முடிந்தபோது அருகில் அமர்ந்து பாடியவர் ரவீந்திரநாத் தாகூர். விரதத்தை முடித்துவைத்த, தாழ்த்தப்பட்டோரின் தலைவர் அம்பேத்கரோடு ஏற்பட்ட புனே ஒப்பந்தம் நியாயமானதுதானா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஒரு பாட்டால் தீர்ந்துவிடக்கூடிய வாதமும் அல்ல அது. ஆனாலும் நாடே பதறிக் கிடந்த வேளையில் சுற்றி நின்றவர்கள் மூச்சுவிட அந்தப் பாட்டு இடம் தந்தது. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை: 1934 ஜூன் 25 அன்று இதே புனேயில், நகராட்சி வரவேற்புக்கு வந்த காந்தியைக் குறிவைத்துக் குண்டு வீசப்பட்டது. அவர் தப்பினார், வேறு சிலர் காயமடைந்தார்கள்.

எரவாடா பகுதியிலேயே இருக்கும் ஆகா கான் அரண்மனையின் கதை இன்னும் கனமானது. பஞ்சத்தில் தவித்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மூன்றாம் ஆகா கான் 1892இல் கட்டிய மாளிகை அது. 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை ஒட்டி 1942 ஆகஸ்டில் கைதான காந்தியை அரசு அங்கே அடைத்தது. வந்த ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 15 அன்று, அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் ஐம்பது வயதில் இறந்தார். 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூர்பா இறந்தார். இருவரின் உடல்களும் அரண்மனை வளாகத்திலேயே எரியூட்டப்பட்டன. வெளியே நாடெங்கும் துப்பாக்கிச் சூடும் தண்டவாளத் தகர்ப்பும் நடந்துகொண்டிருக்க, முள்வேலிக்குள் காலையும் மாலையும் பிரார்த்தனைப் பாடல்கள் நிற்கவில்லை. 1969இல் நான்காம் ஆகா கான் இந்த மாளிகையை இந்திய மக்களுக்குக் கொடையாக அளித்தார். பின்புறத் தோட்டத்தில் இரண்டு சமாதிகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியும் அங்கே உள்ளது. பெரிய மரங்களின் நிழல் விழும் இந்த இடத்தில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அந்த அஸ்தி அங்கே வந்து சேர்ந்ததற்கும் புனேக்கும் தொடர்பு உண்டு. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட்டவர் புனேயில் பத்திரிகை நடத்தியவர். செய்தி பரவியதும் மேற்கு மகாராஷ்டிரத்தில் பிராமணர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, புனேயும் தப்பவில்லை. கொலைக்குத் துளியும் சம்பந்தமில்லாத குடும்பங்கள் எல்லாவற்றையும் இழந்தன.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1953இல், இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி தம் குரு சவாய் கந்தர்வாவின் நினைவாக ஓர் இசை விழாவைப் புனேயில் தொடங்கினார். கலவரத்துக்கு மருந்தாக என்று திட்டமிட்டுத் தொடங்கிய விழா அல்ல. ஆனால் அந்தக் குரு பரம்பரையைப் பார்த்தால், காயம்பட்ட ஊருக்கு அதைவிடப் பொருத்தமான இசை இருந்திருக்க முடியாது என்று தோன்றும். சவாய் கந்தர்வாவின் குரு உஸ்தாத் அப்துல் கரீம் கான், 1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயம் நடத்திய முஸ்லிம். கிராணா கரானா என்ற பாணியை வளர்த்தவர். கர்நாடக இசையையும் ஆசையோடு கற்றுத் தியாகராஜரின் கீர்த்தனையை இசைத்தட்டில் பாடியவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் உடல்நலம் குன்றி, செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே காலமானார். அவர் மகள் ஹீராபாய் படோதேகர் புனேயில் பெரும் பாடகியாக விளங்கினார். இப்படி உஸ்தாதிடமிருந்து கன்னட நாட்டுச் சீடருக்கும், அவரிடமிருந்து கதக்கில் பிறந்த பீம்சேனுக்கும் வந்த இசையைத்தான் புனே தன் சொந்த இசையாகக் கருதுகிறது. டிசம்பர் குளிரில் பந்தலுக்குள் ஆயிரக்கணக்கானோர் தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நிறைவாகச் சவாய் கந்தர்வாவின் பழைய இசைத்தட்டை ஒலிக்கவிடுவது விழாவின் வழக்கம். இந்தப் பரம்பரையில் யார் எந்த மதம் என்று பிரித்துக் காட்டச் சொன்னால், பாட்டையே துண்டு துண்டாக வெட்ட வேண்டியிருக்கும்.

பழமையின் பெயரால் நடந்த வன்முறையையும் இந்த நகரம் பார்த்திருக்கிறது. 2004 ஜனவரி 5 அன்று பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் நாசமாக்கியது. சிவாஜி பற்றி எழுதிய ஓர் அமெரிக்க அறிஞருக்கு நிறுவனத்தார் உதவினார்கள் என்பது அந்தக் கும்பலின் கோபம். மகாபாரதத்தின் செம்பதிப்பை 1919 முதல் 1966 வரை உழைத்து உருவாக்கிய நிறுவனம் அது.

நகருக்கு வெளியே கோரேகாவ் பீமாவில், 1818 ஜனவரி 1 அன்று நடந்த போரின் நினைவுத்தூண் நிற்கிறது. பேஷ்வா படையை எதிர்த்து நின்ற ஆங்கிலேயப் படையில் தலித் சமூகத்தவரான மகார் வீரர்களும் இருந்ததால் தலித் மக்களுக்கு அது பெருமையின் சின்னம். 1927இல் அம்பேத்கர் அங்கே வந்தார். 2018 ஜனவரி 1 அன்று அங்கே வன்முறை வெடித்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டிலும் மக்கள் வரத் தவறவில்லை. ஆண்டுதோறும் அம்பேத்கரைப் பாடும் பீம் பாடல்களோடு பெரும் திரளாக வருகிறார்கள். சிலருக்கு அமைதி என்பது மௌனம் அல்ல, தலை நிமிர்ந்து பாட முடிவதுதான்.

2013 ஆகஸ்ட் 20 காலையில் நடைப்பயிற்சிக்குப் போன மருத்துவர் நரேந்திர தாபோல்கர், ஓம்காரேஷ்வர் கோயிலுக்கு அருகிலுள்ள பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கை ஒழிப்புக்காக 1989இல் இயக்கம் கண்டவர் அவர். ஆண்டுதோறும் அந்த நாளில் தோழர்கள் பாலத்தில் கூடுகிறார்கள். பண்டரிபுர யாத்திரையில் விட்டல பக்தர்களான வாரகரிகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க நடக்கும் ரிங்கண் என்ற நிகழ்வின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அவருடைய கருத்துகளைச் சொல்லும் ரிங்கண் நாடகங்களை அவர்கள் உருவாக்கினார்கள். அவர் பல ஆண்டுகள் போராடிக் கேட்ட மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம், கொலை நடந்த சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்து, 2013 டிசம்பரில் மகாராஷ்டிர சட்டமன்றத்தில் நிறைவேறியது.