யாரும் நடாத கன்றுகள்

கோஸ்டா ரிக்காவின் தெற்கே, பனாமா எல்லையை ஒட்டிய மலையூர் சான் வீட்டோ. 1950-களில் இத்தாலியர்கள் குடியேறிய பிறகு, சுற்றியிருந்த காடு காப்பித் தோட்டமாகவும் மாட்டு மேய்ச்சல் நிலமாகவும் மாறியது. பயன்பாடு முடிந்து கைவிடப்பட்ட அந்த நிலங்களில்தான், சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரன் ஹாலும் ஆய்வாளர் ரக்கான் ஸஹாவியும் 2004-ல் ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கினார்கள்.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர். பிறகு ஏன் காடு திரும்பவில்லை? மேய்ச்சலுக்காக வளர்த்த புல், முளைத்து வரும் எதையும் மூடிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், விதையே வந்து சேர்வதில்லை. இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை பறவைகளையும் வௌவால்களையும் நம்பி விதை பரப்புபவை. உட்காரக் கிளையில்லாத வெட்டவெளிக்கு அவை எதற்கு வரும்?

சோதனைக்கு எடுத்த ஒவ்வொரு இடத்திலும் 50 மீட்டருக்கு 50 மீட்டராக மூன்று துண்டுகள். ஒன்றில் எதுவும் நடவில்லை. இன்னொன்றில் நிலம் முழுவதும் 313 கன்றுகள். மூன்றாவதில் 86 மட்டும், ஆறு திட்டுகளாக. நட்டவை நான்கே வகை. அவற்றில் இரண்டு நம்மூர் மரங்களுக்கு உறவு: ஒன்று கல்யாண முருங்கையின் பேரினம், மற்றொன்று மருத மரத்தின் பேரினம். கன்றுகள் தலையெடுக்கும்வரை புல்லை வெட்டுக்கத்தியால் அறுத்தார்கள்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் என்னை ஈர்க்கிறது. நட்ட மரங்கள் பிழைத்தனவா என்று பார்த்ததோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் குனிந்து அமர்ந்து, யாரும் நடாமல் முளைத்த சிறு கன்றுகளை எண்ணி, இலையைப் பார்த்து இனம் பிரித்தார்கள். பதினைந்து ஆண்டு விவரம் 2020-ல் வெளிவந்தது. திட்டு நடவு செய்த நிலத்தில் தானாக வந்த கன்றுகள், முழுவதும் நட்ட நிலத்துக்கு ஈடாக இருந்தன. நடாமல் விட்ட நிலத்தைவிடத் தெளிவாக அதிகம். செலவோ மிகக் குறைவு. பெரிய திட்டுகளுக்கே பறவைகள் அதிகம் வந்தன. அவை எச்சமிட்ட விதைகளும் அங்கேதான் அதிகம் விழுந்தன.

ஆனால் வந்தவை பெரும்பாலும் சிறுவிதை மரங்கள். முதிர்காட்டின் பெருவிதை மரங்கள் அரிதாகவே எட்டிப்பார்த்தன. அந்த விதைகளை விழுங்கிச் சுமக்கும் பெரிய பறவைகளும் விலங்குகளும் துண்டாடப்பட்ட காடுகளில் குறைந்துவிட்டன. அதனால் நிழல் படர்ந்த பிறகு, ரெபெக்கா கோல் என்ற ஆய்வாளர் முதிர்காட்டு மரங்களின் விதைகளைக் கையாலேயே மண்ணில் ஊன்றிப் பார்த்தார். மர நிழலில் அவை நன்றாகவே பிழைத்தன.