விருத்தாசலத்துப் பீங்கான்

கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் விருத்தாசலம் செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவ்வூரில் மண்ணைப் பீங்கானாக்கும் தொழிலாளரைக் கண்டு வருவோர் சிலரே.

அத்தொழில் அங்கே வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. அருகேயுள்ள நெய்வேலியில் 1956-ஆம் வருஷம் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அச்சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெண்களிமண்ணும் கிடைக்கிறது. நிலக்கரிக்காகத் தோண்டுகிறவர்கள் அப்புறப்படுத்த வேண்டிய அந்த மண்ணே பீங்கானுக்கு மூலப்பொருள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. தொழிலைக் கற்பிக்கச் சர்க்கார் பயிற்சிக் கழகமும் அமைந்தது.

வேலையின் நுட்பத்தைச் சற்றே கவனியுங்கள். களிமண்ணோடு வேறு கற்பொடிகளையும் கலந்து, நீர்விட்டு அரைத்துக் கூழாக்குகிறார்கள். அதைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, உட்புறத்தில் மண் படிகிறது. மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, உருவை எடுத்துப் பிசிர் நீக்கி, நிதானமாக உலர்த்தி, மெருகுப் பூச்சிட்டுச் சூளையில் சுமார் 1,200 டிகிரி உஷ்ணத்தில் சுடுகிறார்கள். கூழை எப்போது கவிழ்ப்பது, உரு எப்போது உலர்ந்தது என்பவற்றைப் பழகிய கைதான் அறியும். அந்தக் கை வேறு பிழைப்புக்குப் போய்விட்டால், அதன் அறிவை எந்தப் புத்தகத்திலிருந்து மீட்பது?

அந்த அபாயம் இன்று நெருங்கியிருக்கிறது. வீடுதோறும் இருந்த பீங்கான் ப்யூஸ் கட்டைகளின் இடத்தைத் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசைகள் பிடித்துக்கொண்டன. பொம்மைக்குப் போட்டியாகப் பிளாஸ்டிக் வந்தது. கோப்பைகளோ, உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து குவிகின்றன. சூளைக்கு வேண்டிய எரிபொருளின் விலையைச் சிறு பட்டறை எப்படித் தாங்கும்?

இரக்கப்பட்டு வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்க வேண்டும். மெருகில் இடைவெளி இருக்கலாகாது. அடி ஆடாமல் நிற்க வேண்டும். நன்றாய் மெருகிட்ட அகல் எண்ணெயைக் குடிப்பதில்லை; கழுவி மறு வருஷமும் ஏற்றலாம். பட்டறைக்காரர்களும் பழைய அச்சுகளையே நம்பியிராமல், இக்காலக் குடும்பங்கள் விரும்பும் வடிவங்களைச் செய்ய வேண்டும்.

சர்க்கார் செய்யக்கூடியதும் உண்டு: சிறு பட்டறைகள் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சூளைகள், நியாய விலையில் களிமண், விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேண்டிய பாத்திரங்களை இங்கேயே வாங்கும் ஏற்பாடு. கடலூர் ஜில்லாவிலேயே சிதம்பரத்தில் ஒரு பெரிய சர்வகலாசாலை இருக்கிறது. அதன் விடுதிகளில் எத்தனை கோப்பைகள் வேண்டியிருக்கும்!

மண் நம்முடையது, கையும் நம்முடையது. குறைவது வாங்குவோரின் நினைவு ஒன்றே. வருகிற கார்த்திகைக்கு நம் வீட்டு வாசலில் விருத்தாசலத்து அகல்கள் சில எரியட்டும். அவ்வெளிச்சம் ஒரு சூளையையும் அணையாமல் காக்கும்.