படத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்

கேமரா வாங்கிவிட்டீர்கள். ஊரில் நாலு தொழில்காரர்களின் பழக்கம் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். டீயைக் குடியுங்கள் தம்பி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோயிலையே எடுத்துக்கொள்வோம். அங்கே வார்க்கும் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. காவிரி வண்டல் மண்ணில் அச்சு பதித்து, உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். பாதம், தண்டு, தட்டு, பிரபை எல்லாம் தனித்தனி வார்ப்பு. ஆறியபின் அரம் போட்டு, கடைசல் பிடித்து, மெருகேற்றி, ஒன்றோடொன்று பொருத்துவார்கள். ஒரு விளக்குக்குப் பின்னால் இத்தனை கைகள். இவர்களில் ஒருவரோடு பழகினால் மற்றவர்களிடம் போக வழி தானாகக் கிடைக்கும்.

முதல் நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும். பட்டறையில் உலோகம் ஊற்றும் நேரத்திலும், கடையில் போணி ஆகும் முன்னும் போய் நிற்காதீர்கள். வேலை சற்று ஓய்ந்த நேரம் பார்த்துப் போய், தொழிலைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம், “அண்ணே, நீங்க வேலை செய்யும்போது ஒரு படம் எடுத்துக்கட்டுமா? எங்கே போடுவேன்னும் சொல்லிடுறேன்” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த மரியாதையை அவர் மறக்கமாட்டார்.

சம்மதித்தால் மூன்று படம் போதும்: வேலையோடு அவர் முகம், கருவி பிடித்த கை, முடித்த பொருள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் நிறம் கெட்டுவிடும். பித்தளையில் எதிரே இருப்பதெல்லாம் தெரியும், நீங்கள் உட்பட. வெளிச்சம் வரும் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். கண்ணைக் கூசும் பளபளப்பு அடங்கி, விளக்கின் வேலைப்பாடு தெளிவாகத் தெரியும்.

அடுத்ததுதான் முக்கியம். அந்த வாரத்துக்குள் படத்தை 4க்கு 6 அங்குலத்தில் பிரின்ட் போட்டு, பின்புறம் தேதியை எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பத்துப் படங்களோடு பதினொன்றாக மேலே போய்விடும். கையில் கொடுத்த படத்தை அவர் மெருகு போடுகிறவரிடம் காட்டுவார், பாத்திரக்கடைக்காரரிடம் காட்டுவார், வீட்டில் மாட்டுவார். “தம்பிதான் எடுத்தாரு” என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, நீங்கள் நூறு விசிட்டிங் கார்டு கொடுப்பதைவிடப் பெரிது.

தொழில் பேச்சு அதன்பிறகு வரட்டும். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யக் காசு கிடையாது. பதிவு கடைக்காரரின் சொந்தக் கணக்கிலேயே இருக்கும்படி உதவுங்கள். அதில் போடும் படம் 720க்கு 720 பிக்சலில், 5 எம்பிக்குள் இருந்தால் போதும். வெளியூர்க்காரருக்கு வழி தெரியும்; கடைக்காரருக்கு உங்கள் வேலையின் பலன் தெரியும்.

காசு வாங்கி எடுக்கும்போது உரிமையைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். நீங்களாக எடுத்தது உங்களுடையது. ஆனாலும் அதில் இருப்பது அவர் முகம். விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் முன் அவரைக் கேட்டே ஆகவேண்டும். எத்தனை படம், எங்கே பயன்படும், என்ன தொகை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

சின்னப் பட்டறைக்காரர்கள் பலரிடம் தங்கள் கைத்தொழிலைக் காட்டும் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அதை எடுத்துக் கொடுக்க உங்களால் முடியும். இந்த வாரம் உங்கள் தெருவிலேயே ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள். படத்தைக் கொடுக்கும்வரை வியாபாரப் பேச்சை எடுக்காதீர்கள்.