திரைக்கோளாறும் அதன் காரணமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலப்பகுதியாக அமைந்தது கல்லடி. விபுலானந்த அடிகளின் கல்விப் பணியோடு பிணைந்த சிவானந்த வித்தியாலயம் நிலைபெற்ற உப்போடை ஆங்குளது. அவ்விடத்தின் பெயரிலே உப்பு உண்டு. அங்கு வீசும் காற்றிலும் உண்டு. இத்தகைய வாவிக்கரை ஊர்களிற் கணினி விளையாட்டில் ஈடுபடும் மாணவர், படம் சிதறுவதையும் திரை உறைந்து நிற்பதையும் கண்டவுடன் ‘அட்டை பழுதாயிற்று’ எனத் துணிந்து, பெரும்பொருள் செலவிட்டுப் புதியது வாங்குதல் உண்டு. பல வேளைகளில் அத்துணிவு பிழையாகும். பழைய குறை புதிய அட்டையிலும் தோன்றும்போதே அது புலப்படும்.

கிராபிக்ஸ் காட் எனப்படும் வரைகலை அட்டையின் தொழிலை முதற்கண் அறிதல் வேண்டும். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ இருபது இலட்சம் புள்ளிகள் உள. செக்கனுக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின், அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் அறுபது முறை கணிக்க வேண்டும். இதற்கென அட்டை பெறும் மின்வலு ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. எனவே வெப்பம், மின்வழங்கல், மென்பொருள், தொடுகை என்னும் நான்கையும் ஆராய்ந்த பின்னரே அட்டையின் மீது குற்றஞ் சுமத்தல் தகும்.

விளையாட்டுத் தொடங்கிச் சில நிமிடங்கள் செவ்வனே நடந்து, பின்னர் வேகங் குறைந்து உறையுமாயின், வெப்பத்தை முதலில் ஐயுறுக. கச்சான் வீசும் காலத்தில் அறையின் வெம்மையே மிகுதி. வெப்பங்கடத்தும் தகடுகளிடையே தூசி படிந்தால் மின்விசிறி சுழன்றும் பயனில்லை. வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளால் இதனை உறுதி செய்யலாம்.

விளையாட்டின் கடுமையான கட்டத்திற் கணினி முழுவதும் திடீரென அணைந்து மீளத் தொடங்குமாயின், மின்வழங்கியை நோக்குக. தாய்ப்பலகையின் செருகுவாய் 75 வாற்று வரையே தரும். மிகுதி தனி வடங்களால் வரவேண்டும். ஆறு ஊசி கொண்ட இணைப்பு 75 வாற்றும், எட்டு ஊசி கொண்டது 150 வாற்றும் வழங்குதற்கு அமைந்தவை. வலுக்குன்றிய மின்வழங்கி சாதாரண வேலையிற் குறை காட்டாது; சுமை ஏறும்போதே காட்டும்.

திரை ஒரு கணம் இருண்டு மீள, இயக்கி மென்பொருள் மீண்டும் தொடங்கியதென அறிவித்தல் தோன்றுவதும் உண்டு. வரைகலை அட்டை ஏறத்தாழ இரண்டு செக்கன் மறுமொழி தராதிருப்பின் விண்டோஸ் அதனை மீளத் தொடக்குகின்றது என்பதே இதன் பொருள். இக்குறை ஒரு விளையாட்டில் மட்டும் நிகழுமாயின் மென்பொருளையே ஐயுறலாம். இயக்கியை முற்றாக நீக்கி மீள நிறுவுக. புதிய பதிப்பின் பின்னர் குறை தொடங்கியிருப்பின், முந்திய பதிப்புக்குத் திரும்புக.

நான்காவதாகிய தொடுகையே வாவிக்கரைக்குச் சிறப்பாக உரியது. சாரீரப்பதன் நூற்றுக்கு 75 வீதத்தைக் கடக்கும்போது கறியுப்பு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரையும். தூசியோடு படிந்த உப்பு, மாரியில் மின் கடத்தும் ஈரப்படலமாகி உலோகத்தை அரிக்கும். மின்னிணைப்பை அகற்றி, அட்டையை மெல்லக் கழற்றி, விசிறி சுழலாவண்ணம் பிடித்துத் தூசியை நீக்குக. தொடுகை முனைகளை ஐசோபுறொப்பைல் மதுசாரம் தோய்த்த மென்துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் இறுகச் செருகுக.

இனி, சிதறிய படத்தைக் கணினியிலேயே திரைப்பிடிப்பாகச் சேமித்து, வேறொரு திரையிற் பார்த்தல் எளிய சோதனை. அங்கும் சிதறல் காணப்படின் குறை படம் உருவாகும் இடத்தில் உளது. காணப்படாதாயின் வடத்தையோ திரையையோ ஆராய்தல் நன்று. விண்டோஸ் தொடங்குமுன்னரே கோடுகளும் கட்டங்களும் தோன்றி, அட்டையை வேறொரு கணினியிற் பொருத்தியும் அவை நீங்காவிடின், அட்டையின் நினைவகமோ முதன்மைச் சில்லோ பழுதுற்றதெனக் கொள்ளலாம். அத்தகைய அட்டையை அடுப்பிலிட்டுச் சூடாக்குவோரும் உளர். அதனாற் கிட்டும் பயன் பெரும்பாலும் சின்னாளில் மறையும், தீங்கோ நிலைக்கும்.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, விளைவைக் குறித்து, அடுத்ததற்குச் செல்லுதல் இவையனைத்துக்கும் பொதுவிதி. இயக்கியையும் வடத்தையும் ஒருங்கே மாற்றியவர் குறை நீங்கினும் அதன் காரணத்தை அறியார். அது மீண்டும் வரும்போது முன்போலவே திகைப்பர். ஆய்வுகூடத்தில் மாணவர் பயிலும் இந்நெறி, இல்லத்துக் கணினியின் முன்னரும் பொருளைக் காக்கும்.