துருவுக்கு அடியில் எஃகு

பழைய அரிவாளையும் உளியையும் எடைக்குப் போடுகிற எல்லையோரக் குடும்பங்கள் இழப்பது வெறும் இரும்பை அல்ல. அதை மீட்கப் புளிக்கரைசலும் அரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பழைய இரும்புக் கடைத் தராசுக்குத் தராதரம் தெரியாது. உடைந்த சைக்கிள் சட்டமும் முப்பது வருடம் உழைத்த வெட்டுக்கத்தியும் அதற்கு ஒன்றுதான். இரண்டுக்கும் கிலோவுக்கு இத்தனை ரூபாய். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சந்தையில் பளபளப்பான புதுக்கத்தி வாங்கி வருகிறார்கள். ஒரு பருவம் போவதற்குள் அதன் வாய் மடங்கிவிடுகிறது. துருப்பிடித்துப் போன பழைய கத்தி நல்ல எஃகு. பளபளத்த புதியது வெறும் தகடு. இந்த வியாபாரத்தில் யார் ஏமாந்தது என்பது வெட்டும்போதுதான் தெரிகிறது.

கேரளத்தின் பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் கிழக்கே தமிழகம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களிலும் மூணாறு, குமுளி மலைகளிலும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. கைக்கருவிகளும் அப்படித்தான். மலைக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களோடு அரிவாளும் மண்வெட்டியும் வந்தன. இன்று அவற்றில் பல அடுப்பங்கரைப் பரணிலும் மாட்டுக்கொட்டகை மூலையிலும் துருவேறிக் கிடக்கின்றன.

கிடப்பதற்குக் காரணங்கள் உண்டு. பாலக்காட்டு வயல்களில் நெல் அறுக்கத் தமிழகத்திலிருந்து அறுவடை இயந்திரங்கள் வருகின்றன. கருக்கரிவாள் உத்தரத்தில் ஏறிவிட்டது. தேயிலைத் தோட்டங்களில் கவாத்துக்கும் கொழுந்து எடுக்கவும் இயந்திரங்கள் நுழைந்துவிட்டன. இதற்கு மேல் 2018 ஆகஸ்டு வெள்ளம். 26 வருடங்களுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறந்தன. மலம்புழை அணை திறந்ததில் பாலக்காட்டின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. வீடுகளில் சேறு புகுந்தது. துணிமணியையும் பாத்திரத்தையும் கழுவி எடுத்தவர்களுக்குச் சேற்றில் கிடந்த உளியும் ரம்பமும் கடைசிக் கவலையாகத்தான் இருந்திருக்கும்.

துரு ஒரு நோய் அல்ல, ஒரு ரசாயன மாற்றம். இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் அது நடக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் கூடும். அதனால்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம். மழை மறைவுப் பகுதியான சின்னாறில் வருட மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். அதே சாலையில் மேலே ஏறி மூணாறுக்குப் போனால் அதைப் போலப் பல மடங்கு. கீழே வருடக்கணக்கில் தாங்குகிற கத்தி மேலே ஒரு மழைக்காலத்திலேயே சிவந்துவிடும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அதற்குக் கவசம். இரும்பின் துருவோ பொரிந்து உதிர்வது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

ஆனால் பெரும்பாலான கருவிகளில் அது தோலோடு நின்றிருக்கும். அடியில் எஃகு அப்படியே இருக்கும். அது எப்பேர்ப்பட்ட எஃகு என்பதுதான் கேள்வி. ஊர்க் கொல்லர்கள் லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த கத்திகள் நிறைய உண்டு. அந்த எஃகில் கரி 0.5 சதவீதத்துக்கும் மேல். பதம் வைத்தால் இறுகும். பிரிட்டிஷ் தோட்டக் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு உளிகளும் வுல்வர்ஹாம்ப்டனின் சில்லிங்டன் கம்பெனி செய்த முதலை முத்திரை மண்வெட்டிகளும் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போயின. 1920களில் டாட்டாவின் அக்ரிகோ கருவிகள் ஜாம்ஷெட்பூரிலிருந்து வரத் தொடங்கின. மாறாக, கரி குறைந்த மெல்லிரும்பை என்னதான் தீட்டினாலும் வாய் நிற்காது.

பழசெல்லாம் தங்கம் என்றும் சொல்ல முடியாது. சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வாய்ப்பகுதியில் அரத்தை லேசாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் எஃகு இறுக்கமானது. சுலபமாகக் கடித்தால் மெத்து. ஆழக் குழி விழுந்திருந்தாலோ கீறல் ஓடியிருந்தாலோ பழைய இரும்புக் கடைக்காரரே சரியான ஆள்.

தேறிய கருவிக்கு முதல் வைத்தியம் மண்ணெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். தடவி ஒரு நாள் ஊற விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மேல் துரு உதிரும். மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் அடுப்பும் பீடியும் கூடாது. மிஞ்சிய துருவுக்குப் புளி. பித்தளை விளக்குத் தேய்க்கிற அதே புளிதான். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். கெட்டிக் கரைசலில் ஓர் இரவு போதும். எலுமிச்சையும் வினிகரும் இதே வேலையைச் செய்யும். நாள் கணக்கில் மறந்துவிட்டால் அமிலம் துருவோடு எஃகையும் தின்னத் தொடங்கும். எடுத்ததும் சலவைச் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணெதிரே மறுபடி சிவக்கும்.

தேய்க்கக் கை எட்டாத சாமான்களுக்கு மின்சார வழி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைசல், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பலி கொடுக்க ஒரு பழைய இரும்புத் துண்டு. கருவி நெகடிவ் முனையில், துண்டு பாசிடிவ் முனையில். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வரும். இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் போட்டால் நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். இரண்டும் கூடவே கூடாது.

கடைசிப் பூச்சு மேற்கு மலைக் காட்டிலேயே விளைகிறது: கடுக்காய். அதன் கஷாயத்தைத் தடவினால் மிச்சமிருக்கும் துரு கறுத்து இறுகும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமை காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான். கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. அருங்காட்சியகங்களில் பழைய இரும்பைப் பாதுகாப்பவர்களும் டானிக் அமிலத்தை நம்புகிறார்கள். அதன் மேல் எண்ணெய் தடவி வைத்தால் வேலை முடிந்தது.

துருவால் கெட்டதை விடச் சாணை இயந்திரத்தால் கெட்டது அதிகமாக இருக்கலாம். வேகமாகச் சுழலும் மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தால் வாய் சுட்டு, முதலில் வைக்கோல் நிறம் காட்டும். 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் நீலமாகும். நீலம் பாரித்தால் அந்த இடத்தில் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் விட்டுக் கல்லில் கையால் தீட்டுவது மெதுவான வேலை. ஆனால் எஃகைச் சுடாது.

பிடியும் முக்கியம். ஆடுகிற காம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது பரவலான பழக்கம். மரம் உப்பி அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். நன்றாகக் காய்ந்த கொய்யா, புளி, கருவேல மரத்தில் புதிய காம்பு செதுக்கி, ஆப்பு அடித்து, பூண் மாட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு. கோடாலித் தலை கழன்று பறந்தால் நஷ்டம் கருவிக்கு மட்டுமல்ல.

இவ்வளவு பாடு எதற்கு? அலங்காரத்துக்கு அல்ல, கூலிக்காக. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து செய்கிறார்கள். கூரான கத்தி கிளையைச் சரிவாக ஒரே வெட்டில் கடந்துபோகும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளந்துவிடும். அந்தப் புண்ணில் பூஞ்சை புகும். சித்தூர்த் தோப்புகளில் கள் இறக்குபவர் தினமும் பாளையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி வழுக்கினால் பாளை பாழ், அன்றைய கள்ளும் போச்சு. மழுங்கிய கருவிக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பலத்தில் கத்தி தவறினால் வெட்டுப்படுவது கை.

வீட்டில் செய்ய முடியாததும் உண்டு. நீலம் பாரித்த வாய்க்கு மறுபடி பதம் வைப்பது, கருக்கரிவாளின் பற்களைப் புதிதாக வெட்டுவது, விரிந்த காதை மூடுவது எல்லாம் உலையும் சம்மட்டியும் உள்ள கொல்லரின் வேலை. சாணைக்கல்லில் தீட்டினால் கருக்கே காணாமல் போகும். ஆனால் கருவியைத் தூக்கிப் போடுகிற ஊரில் கொல்லருக்கு என்ன வேலை இருக்கும்? 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லரும் உண்டு. பயிற்சி, கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, பிணையில்லாமல் இரண்டு தவணையாக 3 லட்சம் ரூபாய் வரை கடன் என்று அது சொல்கிறது. கடனும் கருவியும் அரசு தரலாம். வாடிக்கையாளரை ஊர்தான் தர வேண்டும். வீட்டில் துருவை எடுப்பவர் கொல்லருக்குப் போட்டியல்ல. பாதி வேலையைத் தானே முடித்து மீதியைக் கொண்டு வருகிற வாடிக்கையாளர் அவர்.

பழைய கருவிகளின் மதிப்பை மற்றவர்களும் கண்டிருக்கிறார்கள். 1970களின் இறுதியில் பிரிட்டனில் தொடங்கிய ‘டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்’ அமைப்பின் தொண்டர்கள் அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய கைக்கருவிகளைச் சேகரித்துத் துரு நீக்கி, கூர் தீட்டி, ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு வீட்டின் குப்பை இன்னொரு வீட்டின் பிழைப்பானது. இங்கே கருவி கடல் கடக்கவும் தேவையில்லை. பரணிலிருந்து திண்ணைக்கு இறங்கினால் போதும்.

வருடத்தில் ஒரு நாள் எப்படியும் இறங்கத்தான் செய்கிறது. ஆயுத பூஜையன்று மலையிலும் சமவெளியிலும் மண்வெட்டி முதல் ரம்பம் வரை கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். மறுநாள் பொட்டோடு பரணுக்குத் திரும்புகிற அரிவாளுக்கு அந்த மரியாதையால் பெரிய பயனில்லை. பொட்டு வைப்பதற்கு முன் ஓர் இரவு புளியிலும், வைத்த பிறகு ஒரு சொட்டு எண்ணெயிலும் இருந்தால் அடுத்த பூஜைக்கும் அது அரிவாளாகவே வரும்.