ஓல் மிஸ் பேஸ்பால் அணி, 2022

ஓல் மிஸ் என்பது அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயர். இதன் பேஸ்பால் (அடிபந்தாட்ட) அணி 2022 ஆம் ஆண்டில் முதன்முறையாகத் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. தொடரில் இடம்பெற்ற 64 அணிகளில் கடைசியாகத் தேர்வான அணி இதுவே.

சரிவு

அவ்வாண்டு மார்ச்சில் இவ்வணி தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. மே தொடக்கத்திலோ, தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆட்டங்களில் 7 வெற்றி, 14 தோல்வி என்ற நிலைக்குச் சரிந்தது. 2001 பருவம் முதல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மைக் பியான்கோவை மாற்ற வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது.

பந்துவீச்சில் மாற்றம்

கல்லூரி அணிகள் வார இறுதியில் பெரும்பாலும் மூன்று ஆட்டங்கள் ஆடும். ஒவ்வொரு நாளும் வேறொருவர் பந்துவீச்சைத் தொடங்குவார். அவர் விரைவில் வெளியேறினால் மாற்று வீச்சாளர்கள் களைத்துவிடுவர். மறுநாள் ஆட்டமும் பாதிக்கப்படும். எனவே பருவத்தின் நடுவில், மாற்று வீச்சாளராக இருந்த டிலன் டெலூசியாவும் முதலாண்டு மாணவர் ஹன்டர் எலியட்டும் தொடக்க வீச்சாளர்களாக்கப்பட்டனர்.

மட்டையாளர் வரிசை

பேஸ்பாலில் ஒன்பது பேர் குறித்த வரிசையில் மாறிமாறி மட்டை பிடிப்பர். வலக்கையர் ஜஸ்டின் பென்ச், இடக்கையர் ஜேக்கப் கொன்சாலஸ், வலக்கையர் டிம் எல்கோ, இடக்கையர் கெவின் கிரஹாம் என முன்வரிசை அமைந்ததால், ஒரே வீச்சாளர் அனைவரையும் அடக்குவது கடினமாயிற்று.

தலைமை

அணித்தலைவர் எல்கோ, 2021 இல் முழங்கால் தசைநார் கிழிந்த பின்னும் அதே பருவத்தில் களமிறங்கியவர். தாமே வலியுடன் ஆடிக்காட்டியவர் என்பதால், தோல்விக் காலத்திலும் அவர் சொல்லுக்கு அணியில் மதிப்பிருந்தது.

பட்டம்

தேசியத் தொடரில் அணி 10 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. ஒமாஹா நகரில் நடந்த இறுதிச் சுற்றில் ஆர்கன்சாஸ் அணியுடனான வாழ்வா சாவா ஆட்டத்தில், டெலூசியா ஒன்பது இன்னிங்சும் தாமே வீசி ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை; அணி 2–0 என வென்றது. அடுத்து ஓக்லஹோமாவை 10–3, 4–2 என வீழ்த்தியது. இவற்றுள் முதல் ஆட்டத்தில், பின்வரிசையில் ஆடிய மெக்கேன்ட்சும் ஹாரிசும், அடுத்து வந்த பென்ச்சும் தொடர்ச்சியாக மூன்று ஹோம் ரன்கள் அடித்தனர். டெலூசியா தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார்.

புதிய வீரர் எவரும் இடையில் வந்து சேரவில்லை. சரிந்த அணியும் வென்ற அணியும் ஒன்றே. மாறியவை அவரவர் வகித்த பொறுப்புகள்தாம்.